உடை என்பதற்கு எதிர்ச்சொல் எது?

பத்துப் பேரிடம் கேட்டால் நாலைந்து விடை வரும். ஒருவர் ‘ஒட்டு’ என்பார், இன்னொருவர் ‘கட்டு’ என்பார். ‘சேர்’ என்று ஒருவர், ‘உருவாக்கு’ என்று ஒருவர். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘உடைக்காதே’ என்று சொல்பவரும் இருப்பார். ஒவ்வொரு விடையும் ஏதோ ஓர் இடத்தில் பொருந்தும். எந்த விடையும் எல்லா இடத்திலும் பொருந்தாது.

இதற்குக் காரணம் நமக்குத் தமிழ் தெரியாதது அல்ல. பள்ளியில் எதிர்ச்சொல்லைக் கற்றுக்கொண்ட விதம்தான் காரணம். இரவு × பகல், மேடு × பள்ளம், இன்பம் × துன்பம் என்று ஒன்றுக்கு ஒன்றாகப் படித்தோம். பெயர்ச்சொற்களுக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரிவரும். உடைத்தல், கிழித்தல், இடித்தல், அழித்தல் போன்ற வினைகளை அதே பட்டியலில் அடைத்தால்தான் இடிக்கிறது. வழிகாட்டி நூல்களில் ‘அழி × ஆக்கு’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கரும்பலகையில் எழுதியதை அழித்தால் அதற்கு எதிர் ‘ஆக்கு’ ஆகுமா? அங்கே ‘எழுது’ என்பதுதானே எதிர்!

இந்த வினைகளின் எதிர்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ‘உடைக்காதே’, ‘உடைக்கவில்லை’, ‘உடையாது’ ஆகியவை எதிர்மறை. ஒரு செயல் நடக்கவில்லை, நடக்காது, நடக்க வேண்டாம் என்று சொல்லும் வடிவம் அது. பேசப்படும் செயல் அப்போதும் உடைத்தல்தான். ‘பானையை உடைக்கவில்லை’ என்றால் பானைக்கு எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ச்சொல் என்பது வேறொரு செயலைக் குறிக்கும் தனிச் சொல். ‘கதவைத் திறக்கவில்லை’ என்பதும் ‘கதவை மூடினான்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கதவு இருந்தபடியே இருக்கிறது. பின்னதில் ஒருவர் எழுந்து போய் ஒரு வேலை செய்திருக்கிறார்.

வீடியோவைப் பின்னோக்கி ஓட்டினால்

வினைச்சொற்களின் எதிரைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. செயலைக் கைப்பேசியில் வீடியோ எடுத்ததாக வைத்துக்கொண்டு, அதைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்.

ஒருவர் மாடிப்படி ஏறுகிறார். பின்னோக்கி ஓட்டினால் இறங்குகிறார். கதவு திறந்ததைப் பின்னோக்கி ஓட்டினால் மூடுகிறது. பாய் விரித்ததைப் பின்னோக்கி ஓட்டினால் சுருட்டுகிறார்கள். மூட்டையின் முடிச்சை அவிழ்த்ததைப் பின்னோக்கி ஓட்டினால் கட்டுகிறார்கள். இந்தச் சோதனையில் தேறும் சோடிகளை மீள்வினைச் சோடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று செய்ததை மற்றொன்று அப்படியே திருப்பிவிடும். நிலைமை பழையபடி ஆகிவிடும்.

இப்போது மண்பானை விழுந்து உடைகிற காட்சியைப் பின்னோக்கி ஓட்டுங்கள். தரையில் சிதறிய ஓடுகள் துள்ளி எழுந்து, காற்றிலேயே கூடி, முழுப் பானையாகி மேலே போகின்றன. அதற்குத் தமிழில் என்ன வினை? எதுவும் இல்லை. அப்படி ஒன்று நடந்து யாரும் பார்த்ததில்லை, ஆகவே அதற்குச் சொல்லும் தேவைப்படவில்லை. குயவர் பானை வனையும் காட்சிக்கும் இந்தப் பின்னோக்கிய காட்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒட்டுப்பசையோடு ஒருவர் உட்கார்ந்து ஓடுகளைப் பொருத்துவதும் இதுவல்ல.

ஆக, உடைத்தல் வகை வினைகளில் பலவற்றுக்கு அசல் மீள்வினை கிடையாது. நாம் எதிர்ச்சொல் என்று சொல்வதெல்லாம் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்த பதிலிகள்தான். எந்தப் பதிலி எப்போது வரும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எது உடைந்தது?

அடித்தல், உடைத்தல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே உதவும். சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970-இல் இந்த இரண்டையும் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ‘கண்ணாடியை அடித்தான்’ என்றால் அவன் கை என்ன செய்தது என்று தெரியும், கண்ணாடி என்ன ஆனது என்று தெரியாது. ‘கண்ணாடி உடைந்தது’ என்றால் கண்ணாடி என்ன ஆனது என்று தெரியும். யார் கை, எந்தக் கல் என்பது தெரியாது. உடைத்தல் வகையின் கவனம் முழுவதும் பொருளின் மேல். பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போனதைச் சொல்லும் இத்தகைய வினை நிலைமாற்ற வினை.

(தமிழில் இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. “தேங்காயை உடைச்சேன், உடையல” என்று சொல்ல முடிகிறது. உடைக்கப் பார்த்தேன் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். “உடைச்சுட்டேன், உடையல” என்றால் மட்டும் சிரிப்பார். ‘விடு’ சேர்ந்ததும் முடிவு உறுதியாகிவிடுகிறது.)

கவனம் பொருளின் மேல் இருப்பதால் தமிழ் இந்த வினைகளைப் பொருளுக்கேற்பப் பிரித்து வைத்திருக்கிறது. பானையும் கண்ணாடியும் உடையும். குச்சியும் எலும்பும் முறியும், முருங்கைக் கிளை ஒடியும். தாளும் துணியும் கிழியும். கயிறு, நூல், செருப்பு வார் எல்லாம் அறும். சுவர் இடியும், அப்பளம் நொறுங்கும், விறகு பிளக்கும். ‘துணி உடைந்தது’ என்று குழந்தைகூடச் சொல்லாது.

எதிர்ப்பக்கமும் இப்படியே பொருளைப் பார்த்துத்தான் வருகிறது. கிழிந்த துணியைத் தைக்கிறோம். கிழிந்த தாளை ஒட்டுகிறோம். இரண்டும் கிழிந்தவைதான், ஆனால் எதிர் வெவ்வேறு. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இணைக்கிறோம், அறுந்த செருப்பைத் தைக்கிறோம். விரிசல் விட்ட இரும்பைப் பற்றவைக்கிறோம். முறிந்த எலும்பை மருத்துவர் நேராக வைத்துக் கட்டுகிறார், ஆனால் எலும்பு தானாகத்தான் கூடுகிறது. ஏரிக்கரையில் உடைப்பு எடுத்தால் அதை அடைக்கிறார்கள். மதுரையில் வைகைக் கரை உடைந்தபோது அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரச் சொன்னதாகத் திருவிளையாடல் கதை. அங்கே ‘உடை’ என்பதற்கு எதிர் ‘அடை’ தவிர வேறெதுவும் ஒட்டாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘கிழி’ என்பதற்குத் ‘தை’ எதிர் என்றால், ‘தை’ என்பதற்குக் ‘கிழி’ எதிராகுமா? ஆகாது. தைத்ததற்கு எதிர் ‘பிரி’. தையற்காரரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்து, ஒன்றில் துணி கிழிந்திருக்கிறது, மற்றதில் தையல் பிரிந்திருக்கிறது என்று சொன்னால் அவர் இரண்டையும் ஒன்றாக நினைக்க மாட்டார். தையல் பிரிந்தால் அதே கோட்டில் மறுபடி தைக்கலாம், வீடியோ சோதனையில் அது தேறும். துணியே கிழிந்தால் தைத்த தடம் தெரியும். பட்டியல் போடுகிறவர்கள் × குறியை இருபக்கமும் ஓடும் அம்பாக எண்ணிவிடுகிறார்கள். இந்த வகை வினைகளில் அந்த அம்பு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே ஓடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எதிர்மறை என்பது எதிர்ச்சொல் அல்ல. உடைத்தலைப் பின்னோக்கி ஓட்டினால் வருகிற செயலுக்குப் பெயர் இல்லை. அந்த இடத்தில் வரும் பதிலி, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது.

கலை என்ற ஒரு சொல்

ஒரே வினைக்கு எத்தனை எதிர் இருக்க முடியும் என்று பார்க்க ‘கலை’ போல நல்ல சொல் கிடையாது.

கூட்டம் கலைந்தது என்றால் எதிர், கூட்டம் கூடியது. மேகம் கலைந்தது என்றால் மேகம் திரண்டது. வாரிய தலைமுடி கலைந்தால் சீவுகிறோம் அல்லது வாருகிறோம். கூத்தில் வேடம் கலைத்தலுக்கு எதிர் வேடம் கட்டுதல். கரு கலைந்தது என்பதற்குக் கரு தங்கியது. அடுக்கி வைத்த சீட்டைக் கலைத்தால் எதிர் அடுக்கு. சட்டமன்றத்தைக் கலைத்தால் தேர்தல் நடத்திப் புதிதாக அமைக்க வேண்டும்.

அப்புறம் மௌனம். ‘மௌனம் கலைத்தார்’ என்று செய்தியில் வரும். அதன் எதிர் என்ன? மௌனம் சேர்த்தார், மௌனம் ஒட்டினார் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. ‘மௌனம் காத்தார்.’ கலைந்த பிறகு செய்யும் வேலை அல்ல இது, கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வாக்கு, சட்டம், வரம்பு எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் வரும். வாக்கை மீறினார் × காப்பாற்றினார். பானையைப் போலக் கையில் பிடித்துப் பார்க்க முடியாதவற்றுக்கு இந்தக் ‘காத்தல்’ வகை எதிர் சட்டென்று வந்துவிடுகிறது.

‘கட்டு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினாலும் இதே கதைதான். கட்டிய வீட்டை இடிப்பார்கள், கட்டிய மூட்டையைப் பிரிப்பார்கள், கட்டிய மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். ‘கடையைக் கட்டு’ என்றாலோ மூடிவிட்டுக் கிளம்பு என்று பொருள், அதன் எதிர் ‘கடை விரி’. ஆக்கப் பக்கம் என்று நாம் நினைக்கும் சொல் இங்கே முடித்துவைக்கும் சொல்லாகிவிடுகிறது.

ஆக்குவதா, சீர்செய்வதா, காப்பதா

படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று தொழிலைச் சேர்த்துச் சொல்வது நமக்குப் பழக்கம். சைவத்தில் மறைத்தலும் அருளலும் சேர்ந்து ஐந்து. அழித்தலுக்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட செயல் நிற்கிறது என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. சொல் வேட்டைக்கு மூன்று கூடை போதும்: புதிதாக ஆக்குவது, கெட்டதைச் சீர்செய்வது, கெடாமல் காப்பது.

நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே புயலில், 1914 முதல் ரயில் ஓடிக்கொண்டிருந்த பாம்பன் பாலமும் சிதைந்தது. பாலத்தை என்ன செய்தார்கள்? சீரமைத்தார்கள். அந்தப் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலுக்குள் விழுந்த இரும்பு உத்திரங்களைத் தேடி எடுத்துப் பழையபடி பொருத்தி, 46 நாளில் வேலையை முடித்தார்கள். பாலத்தை மறுபடி ‘உருவாக்கினார்கள்’ என்று யாராவது எழுதினால் எனக்கு உறுத்தும். உத்திரங்களை மீட்டார்கள், பாலத்தைச் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கோ இந்த இரண்டு வினையும் வாய்க்கவில்லை. அது பழைய ஊராக மீளவே இல்லை. பழைய பாலத்தின் பக்கத்திலேயே இன்னொன்று எழுந்து 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதைப் புதிதாகக் கட்டினார்கள்.

ஒரே கடல், ஒரே பாலத்தடம். சிதைந்ததற்கு எதிர் ‘சீரமை’ என்று வருவதும் ‘கட்டு’ என்று வருவதும், பழைய பொருள் மிச்சமிருக்கிறதா என்பதைப் பொறுத்தே. மிச்சம் இருந்தால் சீர்செய்யும் வினை, இல்லாவிட்டால் ஆக்கும் வினை. பேச்சில் இதை நாம் பிழையில்லாமல் செய்கிறோம். எழுதும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் ‘உருவாக்கு’ என்று போட்டுத் தள்ளுவது ஒரு சோம்பல்.

சீர்செய்யும் பக்கத்தில் பழைய அழகான சொல் ஒன்றும் உண்டு. திருக்குறளின் 15-ஆம் குறள் மழையைப் பற்றியது. பெய்யாமல் கெடுப்பதும் மழை, கெட்டவர்களுக்குத் துணையாக நின்று எடுப்பதும் மழை என்கிறது. ‘கெடுப்பதூஉம்’, ‘எடுப்பதூஉம்’ என்று எதிரெதிரே வருகின்றன. கெடு என்பதற்கு எதிராக ‘எடு’. விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது என்ற பொருளில். எந்த எதிர்ச்சொல் பட்டியலிலும் நான் இந்தச் சோடியைப் பார்த்ததில்லை.

உடைவது தானாக நடக்கும், கட்டுவது?

இனி இதன் உள்ளே ஓடும் இலக்கணம். தமிழ் வினைகள் பலவற்றுக்கு இரட்டை வடிவம் உண்டு. ஒன்று தானாக நடப்பதைச் சொல்லும், மற்றது ஒருவர் நடத்துவதைச் சொல்லும். பானை உடைகிறது, பானையை உடைக்கிறான். முன்னதைத் தன்வினை என்றும் பின்னதைப் பிறவினை என்றும் பள்ளி இலக்கணம் சொல்லும். இவை எதிர்ச்சொற்கள் அல்ல. இரண்டிலும் பானைக்கு ஒரே கதிதான், யார் செய்தது என்பதைச் சொல்கிறோமா இல்லையா என்பது மட்டுமே மாறுகிறது.

உடைத்தல் வகையில் இந்த இரட்டை வடிவம் கொட்டிக் கிடக்கிறது. முறிகிறது, முறிக்கிறான். கிழிகிறது, கிழிக்கிறான். இடிகிறது, இடிக்கிறான். அழி, சிதை, குலை, கலை, தகர், கெடு, எல்லாம் இப்படித்தான். நொறுங்குகிறது, நொறுக்குகிறான் என்றும் நசுங்குகிறது, நசுக்குகிறான் என்றும் மெல்லினம் வல்லினமாக மாறும் இன்னொரு கூட்டமும் உண்டு.

எதிர்ப்பக்கத்துக்கு வாருங்கள். வீட்டைக் கட்டுகிறான், சரி. ஆளைச் சொல்லாமல் ‘வீடு கட்டுகிறது’ என்று சொல்ல முடியுமா? முடியாது, அப்படிச் சொன்னால் வீடு எதையோ கட்டுகிறது என்றாகிவிடும். ‘கட்டப்படுகிறது’ என்று சுற்றிவளைக்க வேண்டும். தை, நெய், வனை, முடை, பின்னு, செதுக்கு எதற்கும் தானாக நடக்கும் வடிவம் இல்லை. ‘கட்டடம் எழும்புகிறது’ என்று சொல்வதுண்டுதான், கொத்தனார்களைக் கண்ணில் இருந்து மறைத்துவிட்டுச் சொல்லும் பேச்சு அது.

எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பானை கைதவறி விழலாம், சுவர் மழையில் ஊறிச் சரியலாம், கயிறு நைந்து போகலாம். உடைவதற்கு ஆள் வேண்டியதில்லை. பானை தானாக வனைந்துகொள்ளாது, பாய் தானாக முடைந்துகொள்ளாது. உலகத்தின் இந்த ஓரவஞ்சனை அப்படியே இலக்கணத்தில் பதிந்திருக்கிறது. ஆகவேதான் ‘பானை உடைந்தது’ என்பதற்கு எதிர் வாக்கியம் எழுதச் சொன்னால் திணறுகிறோம். உடைந்தது தன்வினை, நமக்குக் கிடைப்பதோ பிறவினை மட்டும்.

விதிவிலக்குகள் உண்டு, அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எலும்பு கூடுகிறது, புண் ஆறுகிறது, செடி துளிர்க்கிறது, மேகம் திரள்கிறது, பால் உறைகிறது, பிரிந்த குடும்பம் சேர்கிறது. உயிருள்ளவை, இயற்கையில் நடப்பவை, மனிதர் கூட்டங்கள். இவற்றில் தானாக நடக்கும் வடிவம் ஆக்கப் பக்கத்திலும் இருக்கிறது, ஆகவே எதிர்ச்சொல்லும் தடையில்லாமல் கிடைக்கிறது. முறிந்தது × கூடியது.

வேகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. உடைந்துபோனது, கிழிந்துபோனது, இடிந்துபோனது என்று ‘போ’ வந்து ஒட்டிக்கொள்கிறது. மறுபக்கத்தில் ‘புண் ஆறி வருகிறது’, ‘உடம்பு தேறி வருகிறது’ என்று ‘வா’ வருகிறது. உடனே போ × வா என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ‘அந்த இனம் அழிந்துவருகிறது’ என்றும் சொல்கிறோமே. மெதுவாக நடப்பதற்கெல்லாம் ‘வா’ வரும். உடைவது நொடியில் முடிந்துவிடுகிறது, கூடுவதற்கு நாளாகிறது, அதனால் ‘வா’ கூடும் பக்கம் அதிகம் தென்படுகிறது.

மறுபடி ஒரு சுருக்கம்: தன்வினையும் பிறவினையும் எதிர்கள் அல்ல. உடைத்தல் வினைகளுக்கு இரண்டு வடிவமும் உண்டு, கட்டுதல் வினைகளில் பலவற்றுக்கு ஒன்றுதான். எதிர்ச்சொல் தேடும்போது உடைந்ததா, உடைத்தாரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழிவே இல்லாத உடைப்பு

எல்லா உடைப்பும் நாசம் என்று எண்ணி எதிர்ச்சொல் தேடினால் சில இடங்களில் வழுக்கிவிடும். மளிகைக் கடையில் உடைத்த உளுந்து கேட்பவருக்கு எதிர் என்ன? ‘முழு உளுந்து’. இங்கே எதிராக நிற்பது வினையே அல்ல, பெயருக்கு முன்னால் வரும் ‘முழு’ என்ற அடைமொழி. பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிறார்கள், அது நேர்த்திக்கடன் நிறைவேறும் செயல். அங்கே உடைத்தலுக்கு எதிரான செயல் என்று ஒன்றைத் தேடுவதே வீண்.

அரசியல் செய்திகளில் இது இன்னும் கலகலப்பாக இருக்கும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. உடைந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989-இல் இரு அணிகளும் இணைந்தன, சின்னம் மீட்கப்பட்டது. கட்சிக்கு உடை × இணை. சின்னத்துக்கு முடக்கினார்கள் × மீட்டார்கள். கூட்டணி என்றாலோ முறிந்தது × அமைந்தது. மூன்று பொருளுக்கும் மூன்று சோடி, ஒன்றின் எதிர் இன்னொன்றுக்கு ஒட்டாது.

விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சோடி இருக்கிறது, பட்டியல்காரர்களுக்கு அதுதான் சரியான சோதனை. சாதனை படைத்தார் × சாதனையை முறியடித்தார். படை × முறியடி, ஆக்கம் × அழிவு என்று கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் பழைய சாதனையை ஒருவர் முறியடித்த அதே நொடியில் புதிய சாதனை படைத்துவிடுகிறார். ஒரே ஓட்டத்துக்கு இரண்டு வினையும் பொருந்தும், செய்தித்தாளும் இரண்டையும் ஒரே தலைப்பில் போடும்.